ஜெனிற்றாவின் பெயரில்

நோர்வேயிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது பிறேம் மானிப்பாயில் தன் வீட்டு முற்றத்தில் வான் வண்டிக்குச் சில்லு மாற்றிக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து வாசித்தான்.

"வணக்கம். உங்கடை முகநூல் பக்கத்திலை ஒரு கடற்கரைப் படம் பார்த்தன். வீல்செயாரிலை இருந்து சிரிக்கிற அந்தப் பெண்ணோடை கதைக்க ஏலுமோ? நானும் பதினொரு வருசமா வீல்செயாரிலைதான். ஊருக்கு ஒருக்கா வந்து பார்க்க ஆசை. மற்ற ஆக்களிட்டைக் கேட்டா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். அவவுக்குத்தான் விளங்கும்."

எழுதியவளின் பெயர் கேதீஸ்வரி. உரும்பிராயில் பிறந்தவள். படத்தில் இருந்தது பிறேமின் அக்கா ஜெனிற்றா.

வெளிநாட்டிலிருந்து வருகிற சனத்தை வானில் ஏற்றி இறக்குவதுதான் ஒன்பது வருடமாகப் பிறேமின் தொழில். இப்போது தெருவுக்கு இரண்டு வான் நிற்கிறது. நடக்க ஏலாதவர்களைக் கூட்டிக்கொண்டு போக இங்கே ஒருவரும் இல்லை என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. தச்சனிடம் சொல்லி வானுக்கு ஒரு ஏறுபலகை செய்வித்தான். முகநூலில் 'எல்லாரும் வரலாம்' என்று ஒரு பக்கம் தொடங்கினான். அதில் போடுவதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிற்றாவைக் காரைநகர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தூக்கி மணலில் நாற்காலியோடு இருத்தி, நாலைந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தூக்கி வானில் ஏற்றினான். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "ஞாபகத்துக்கு அக்கா" என்றான்.

செய்தி வந்த நேரம் ஜெனிற்றா உள்ளே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் கேட்டுச் சொல்லலாம் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். ஆனால் கேட்கப்போனால், என் படம் ஏன் அங்கே கிடக்கிறது என்ற கேள்வி வரும். வாசலில் நின்றபடியே விரலால் தட்டினான்.

"வணக்கம் கேதீஸ்வரி. நான்தான் ஜெனிற்றா. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

அவள் கேட்டாள். மூன்று மாதம் கேட்டாள். விடுதியில் குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? கட்டில் என்ன உயரம்? கொமட்டின் எந்தப் பக்கம் சுவர்? பருத்தித்துறைக்குப் போகிற வழியில் அவசரம் வந்தால் எங்கே போவீர்கள்? பிறேம் அவளுக்கென்று பார்த்திருந்த உரும்பிராய் விடுதிக்காரருக்கு ஒரே ஒரு தடவை போன் எடுத்தான். "வீல்செயார் போகும்தானே அண்ணை?" "ஓமோம், எங்கடை கதவு பெரிய கதவு." அதை வைத்துக்கொண்டு, "முப்பத்திரண்டு அங்குலம். நான் போய்த் தங்கினனான். ஒரு கரைச்சலும் இல்லை" என்று எழுதினான். குரலில் கதைப்போம் என்று அவள் கேட்டபோதெல்லாம், இங்கே இணைப்புச் சரியில்லை, எனக்கு எழுதுவதுதான் சுகம் என்று தட்டிக்கழித்தான். எழுத எழுத ஜெனிற்றா என்று ஒருத்தி அவன் கையில் வளர்ந்தாள். மாதத்தில் ஒருதரம் கடலுக்குப் போகிறவள். கடல் என்றால் உயிர். எதற்கும் கலங்காதவள்.

கேதீஸ்வரியும் மனம் திறக்கத் தொடங்கினாள். விபத்துக்குப் பிறகு இடுப்பில் வந்த புண்ணைப் பற்றி, அது ஆற எடுத்த ஒன்றரை வருடத்தைப் பற்றி, புருசன் அந்தப் புண்ணைப் பார்க்க மாட்டாமல் வேறு அறைக்குப் போனதைப் பற்றி. ஒருநாள் மிக நீளமாக ஒன்று வந்தது. முதல் தடவையாகத் தனியே கடைக்குப் போன இடத்தில், வரிசையில் நிற்கும்போது உடுப்பு நனைந்துபோயிற்று. பின்னால் நின்ற ஒரு பிள்ளை தாயிடம் அதைக் காட்டிற்று. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. "இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை ஜெனிற்றா. உங்களுக்கு மட்டும்தான்."

பிறேம் அதை வானுக்குள் இருந்து வாசித்தான். வாசித்திருக்கக் கூடாது என்று அவனுக்கு விளங்கியது. அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் வரமாட்டாளோ என்ற பயம் வந்தது. என்ன பதில் எழுதுவது என்று யோசித்தபோது கைக்கு வந்தது உண்மையான ஒரு விசயம்.

ஆறு வருடத்துக்கு முந்திய நத்தார் ஆராதனையில் ஜெனிற்றாவுக்கும் அப்படி நடந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் இருக்கும்போது அவளின் நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பிறேமின் மனைவி ஷரோன் தன் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பக்கக் கதவால் வெளியே தள்ளிவந்தாள். அதற்குப் பிறகு ஜெனிற்றா சேர்ச்சுக்குப் போனதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முதுகு நோகுது என்றாள். உண்மை தெரிந்தது வீட்டில் மூன்று பேருக்குத்தான்.

"எனக்கும் அப்பிடி நடந்தது" என்று பிறேம் எழுதினான். எந்தச் சேர்ச், எந்தப் பாட்டு என்பதுகூட விடாமல் எழுதினான்.

மறுநாளே கேதீஸ்வரி விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகப் பதில் போட்டாள்.

தை மாதம் அவர்கள் வந்தார்கள். கேதீஸ்வரியோடு அவளின் சிநேகிதி பெர்னடெட்டும் வந்திருந்தாள். குருநகர்க்காரி, சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு ஊன்றுகோலில் நடப்பவள். பத்து நாள் நிற்பதாகத் திட்டம். யாழ்ப்பாண ஸ்ரேசனில் இறங்கியதும் கேதீஸ்வரி கேட்டது, "ஜெனிற்றா எங்கை தம்பி?"

"அக்கா கொழும்புக்கு மருந்துக்குப் போட்டா. திடீரெண்டு போகவேண்டி வந்திட்டுது. உங்களைப் பார்க்க ஏலாமப் போச்சுதெண்டு சரியான கவலை" என்றான் பிறேம். பயண நாள் குறித்த அன்றே யோசித்து வைத்த பொய் அது.

விடுதியின் வாசற்கதவு பெரிய கதவுதான். கேதீஸ்வரி நேரே அறைக்குள் போய், குளியலறைக் கதவடியில் நின்றாள். சில்லின் இரண்டு பக்க வளையமும் நிலையில் முட்டின. பின்னுக்கு எடுத்து, கொஞ்சம் சரித்து, மறுபடி முயன்றாள். பிறகு பையைத் திறந்து ஒரு அளவுநாடாவை எடுத்துக் கதவைத் தானே அளந்தாள்.

"இருபத்திநாலு. என்ரை கதிரை இருபத்தாறு." அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். "ஜெனிற்றா எப்பிடி உள்ளுக்குப் போனவ?"

"அவவின்ரை கதிரை கொஞ்சம் சின்னன் அக்கா."

பெர்னடெட் அவனை ஒருமுறை பார்த்தாள்.

அன்று கேதீஸ்வரி அறையின் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் பேசினை வைத்துக்கொண்டு உடம்பு கழுவினாள். ஊன்றுகோல் இல்லாமல் நிற்கமுடியாத பெர்னடெட், சுவரில் சாய்ந்து நின்று ஒரு கையால் தண்ணீர் ஊற்றினாள். இது பிறேமுக்கு எப்படித் தெரியுமென்றால், அடுத்த நாள் காலை விடுதிக்காரர் அவனைக் கூப்பிட்டு, வேலைக்காரப் பெண் கண்டதைச் சொல்லி, அறை முழுக்கத் தண்ணி என்று முறைப்பட்டார். முறைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றவன், "சொல்லுறன் அண்ணை" என்றான். அவர்களிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நல்லூருக்கும் கோட்டைப் பக்கமும் போனார்கள். வெயில் கொதித்தது. பிறேம் இளநீர் வெட்டுவித்துக் கொடுத்தான். கேதீஸ்வரி கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பெர்னடெட்டிடம் கொடுத்தாள். காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. மத்தியானமே தலையிடிக்குது என்று திரும்பிவிட்டார்கள். வானின் கண்ணாடியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்தபடி ஓட்டினான். சொல்லிவிடு, இப்போதே நிறுத்திச் சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ கிடந்து அடித்தது. கோப்பாய்ச் சந்தி வந்தது, போனது.

மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் அவன் அவர்களை ஏற்றப் போகவேண்டும். காலையில் வான் திருத்துகிற கராச்சுக்குப் போய்விட்டுப் பத்தரை மணிபோல் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசல் படலைக்கு முன்னால் வேறொரு வான் நின்றது. விடுதிக்காரரின் மருமகன் கீர்த்திகனுடையது.

நோர்வேயிலிருந்து ஜெனிற்றாவுக்கென்று கேதீஸ்வரி ஒரு காற்றுக் குஷன் கொண்டுவந்திருந்தாள். புண் வராமல் காக்கிற, விலை கூடிய சாமான். கொழும்பிலிருந்து வந்ததும் கொடுக்கச் சொல்லி ஷரோனிடம் ஒப்படைக்கலாம் என்று, பிறேமின் தொழில் அட்டையில் இருந்த விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஷரோன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருந்தாள். கதவைத் திறந்தது ஜெனிற்றா.

அவன் குசினிப் பக்கத்தால் சுற்றி வந்தபோது, பின்முற்றத்துப் பலாமரத்துக்குக் கீழே இரண்டு சக்கர நாற்காலிகள் முகத்துக்கு முகம் நின்றன. கேதீஸ்வரியின் போன் ஜெனிற்றாவின் கையில் இருந்தது. பெர்னடெட் கிணற்றுக்கட்டில் இருந்தாள். குஷன் பிரிக்காமல் ஜெனிற்றாவின் மடியில் கிடந்தது.

ஜெனிற்றா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "வந்திட்டியோ?"

"அக்கா..."

"பொறு. வாசிக்கிறன்." பிள்ளைகளுக்குக் கணக்கு வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "'மாதத்திலை ஒருக்கா கடலுக்குப் போவன். கடல் எண்டா எனக்கு உயிர்.' நான் கடைசியா எப்பவடா கடலுக்குப் போனனான்?"

அவன் பலாமரத்தைப் பார்த்தான்.

"கேக்கிறன்."

"படம் எடுத்த அண்டைக்கு."

"எவ்வளவு நேரம் நிண்டனான்?"

"ஒரு... பத்து நிமிசம்."

"அதுக்கு முதல்?"

அதற்கு முதல் என்றால், போர் இடம்பெயர்வுக் காலம். ஜெனிற்றா லொறியிலிருந்து விழுந்து முதுகு முறிவதற்கு முந்திய காலம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அதை அவள் உரக்க வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எந்த இடம் என்று பிறேமுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அந்தப் போனைப் பறித்துக் கிணற்றில் எறியவேண்டும் போல இருந்தது.

ஜெனிற்றாவின் முகம் கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்தது.

"இதையுமோ எழுதினனீ?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"தொழில் இல்லாமல்... அவ வரமாட்டா எண்டு..." என்று தொடங்கியவன், தன் வாயிலிருந்து வருவது தன் காதுக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

அப்போது கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். "தம்பி, என்ரை புண்ணைப் பற்றி எழுதினது... அந்தக் கடையிலை நடந்தது... எல்லாம் நீங்களோ வாசிச்சது?"

"ஓம் அக்கா."

"நான் ஒரு பொம்பிளைக்கு எண்டு எழுதினது அது."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். மண்ணில் சில்லு புதைந்து உடனே திரும்பவில்லை. உதவிக்கு இரண்டு அடி வைத்தவனைப் பெர்னடெட்டின் ஊன்றுகோல் மறித்தது. "கிட்டப் போகாதேங்கோ." கேதீஸ்வரி தானாகவே முன்னும் பின்னும் ஆட்டித் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். அவளின் தோள் குலுங்கியது. நாற்பத்தொரு வயதில் பிறேம் தன் வீட்டு முற்றத்தில், எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஜெனிற்றாதான் கதைத்தாள். அவனோடு அல்ல. "கேதீஸ்வரி, என்ரை கதையை நீங்கள் வாசிச்சிட்டியள். நான் உங்கடையை இன்னும் வாசிக்கேல்லை. வாசிக்கட்டோ?"

முகத்தைத் திருப்பாமலே மற்றவள் தலையை ஆட்டினாள். "வாசியுங்கோ."

"நீ வெளியிலை போ" என்றாள் ஜெனிற்றா தம்பியிடம்.

அவன் தெருவில் போய், கீர்த்திகனின் வானுக்குப் பக்கத்தில் நின்றான். கீர்த்திகன் வெயில் சூடு பற்றி ஏதோ கதை கொடுத்தான். பிறேம் ஓம் ஓம் என்றான்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பெர்னடெட் வெளியே வந்தாள். "நாங்கள் இனி உங்கடை வானிலை வரமாட்டம். ஏழு நாள் கிடக்கு. ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு திரியப்போறம். அவவுக்கும் ஒரு இடமும் தெரியாதாம்." பிறகு கேதீஸ்வரியின் அளவுநாடாவை நீட்டினாள். "இது உங்கடை அக்கா தந்துவிட்டவ. தங்க ஒரு இடம் தேடட்டாம். போன் எடுக்கக் கூடாதாம். போய் அளக்கட்டாம்."

இரண்டு நாள் பிறேம் அளந்தான். உரும்பிராயிலிருந்து இணுவில் வரை, சுன்னாகத்திலிருந்து அளவெட்டி வரை பதினொரு இடம். ஒவ்வொரு இடத்திலும் குளியலறைக்குள் முழங்காலில் இருந்து, கொமட்டுக்கும் சுவருக்கும் இடையில் நாடாவைப் பிடித்தான். தெரிந்த ஒருவர் வாசலில் நின்று சிரித்தார். "என்ன பிறேம், கக்கூஸ் கட்டுற கொந்திராத்து வேலையோ எடுத்திருக்கிறாய்?" "இல்லை அண்ணை. முதலே பார்த்திருக்கவேண்டிய வேலை." குறிப்புக் கொப்பியில் 'இல்லை' என்றும் 'போகாது' என்றும் எழுதி எழுதிப் பக்கம் நிறைந்தது. இதில் நாலு இடத்தில் அவனே வயதான சனத்தைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அவன் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பன்னிரண்டாவது இடம் அளவெட்டியில், இளைப்பாறிய கன்னியாஸ்திரிகள் தங்குவதற்கென்று கட்டிய ஒரு வீடு. இரண்டு அறை சும்மா கிடந்தன. கதவு முப்பத்தைந்து அங்குலம், குளியலறை முப்பத்திநாலு, சுவரில் பிடிகம்பி. வாசலில் மட்டும் இரண்டு அங்குலத் திட்டு. அதையும் எழுதினான். சந்தேகப்பட்டு மறுபடி போய் அளந்தான்.

கொப்பியை ஜெனிற்றாவிடம் கொடுத்தபோது அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "இதிலை பொய் ஏதும் கிடக்கோ?"

"இல்லை அக்கா."

அவள் தன் சொந்தப் போனில், தன் கையால் கேதீஸ்வரிக்கு எழுதினாள். அன்று பின்னேரமே அவர்கள் கீர்த்திகனின் வானில் அளவெட்டிக்கு மாறினார்கள்.

வீட்டில் ஷரோன் இரண்டு நாளாக அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டபடி சொன்னாள். "அந்தச் சேர்ச் விசயம் நான் என்ரை அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை பிறேம்." அவன் சோற்றைத் தள்ளிவைத்தான்.

அடுத்த நாள் காலை மூன்று பெண்களும் கீர்த்திகனின் வானில் காரைநகருக்கு வெளிக்கிட்டார்கள். வெளிக்கிடும்போது பெர்னடெட் வந்து, "பலகையைத் தாங்கோ" என்றாள். பிறேம் தன் வானிலிருந்து ஏறுபலகையைக் கழற்றிச் சுமந்துபோய் மற்ற வானில் வைத்தான். ஜெனிற்றா அதில் ஏறினாள். இவனைப் பார்த்துக் கையசைக்கவில்லை. அவள் வீட்டில் இல்லாத ஒரு முழுப் பகல் அந்த வீட்டுக்குப் புதிது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், "ரீச்சர் எங்கை?" என்று கேட்டார்கள். "உல்லாசப் பயணம் போட்டா" என்றான்.

மாலையில் வந்தாள். முகம் கறுத்து, பாவாடைக் கரை நனைந்து, சில்லெல்லாம் மணல். இறக்கப் போனவனிடம், "ஷரோனைக் கூப்பிடு" என்றாள். கூப்பிட்டான்.

கேதீஸ்வரி போகிற நாள் அவனும் ஸ்ரேசனுக்குப் போய்த் தூரத்தில் நின்றான். ரயில் ஏறுகிறதற்கு முன் அவள் அவனைக் கிட்டக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க அவன் வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "வேண்டாம். நான் இப்ப சரி எண்டு சொல்லுற நிலைமையிலை இல்லை. அந்த எழுத்தெல்லாத்தையும் உங்கடை போனிலையிருந்து அழியுங்கோ. நான் பார்க்க அழியுங்கோ." அழித்தான். ஒவ்வொன்றாக அழித்து முடியுமட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்வாறன் என்று சொல்லாமலே ரயிலேறினாள்.

அன்று பின்னேரம் ஜெனிற்றா அவனைக் கூப்பிட்டாள். "அந்தப் படத்தை முகநூலிலையிருந்து நீக்கு. ஏன் நீக்கினனீ எண்டு அதே பக்கத்திலை எழுது. எழுதி எனக்குக் காட்டு."

"சேர்ச் ஆக்களும் பார்ப்பினம் அக்கா."

"பார்க்கட்டும். சேர்ச் கதையை எழுதாதை. அது என்ரை. உன்ரையை எழுது."

அவன் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தான். அக்காவின் அனுமதி இல்லாமல் அவளின் படத்தைப் போட்டதையும், அவளின் பெயரில் பதில் எழுதியதையும், பாராத இடத்தைப் பார்த்ததாகச் சொன்னதையும் எழுதி, கடைசியில் 'தவறுதலாக நடந்த இவற்றுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்' என்று முடித்திருந்தான்.

ஜெனிற்றா பிள்ளைகளின் கணக்குத் திருத்துகிற சிவப்புப் பேனையை எடுத்து வாசித்துக்கொண்டு போனாள். "கடல் எனக்குப் பெரிசாப் பிடிக்கேல்லை, தெரியுமோ? உப்புக்காத்துக்குக் கண் எரியுது. கோட்டைப் பக்கம்தான் எனக்குப் பிடிச்சது" என்று இடையில் சொன்னாள். இத்தனை வருடத்தில் அதை அவன் கேட்டதே இல்லை.

கடைசி வரிக்கு வந்து பேனை நின்றது. 'தவறுதலாக' என்ற சொல்லை அவள் ஒரு கோட்டில் வெட்டினாள். மேலே 'தெரிந்துகொண்டே' என்று எழுதி, 'நடந்த' என்பதை 'செய்த' என்று மாற்றினாள்.

"இப்பிடிப் போடு" என்றாள்.

அவன் அப்படியே போட்டான்.